பெட்டியில் வரும் ஆண் பூச்சிக்கு முன்பணம் கட்டலாமா?

உடுமலை வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"ஐயா, வணக்கமுங்க. எங்களுக்கு மானாவாரியில் ஐந்து ஏக்கர் மக்காச்சோளம், கிணற்றுத் தண்ணீரில் ஒன்றரை ஏக்கர் மல்பெரி. பட்டுப்புழு வளர்ப்பு மனையும் இருக்குதுங்க. படைப்புழுவுக்கு மருந்தடித்தே வெறுத்துப்போச்சு. போன வாரம் ஒருத்தர் வண்டியில் வந்து செல்போனில் படம் காட்டினார். மரபணு மாற்றிய ஆண் பூச்சியாம். காட்டில் விட்டால் பெண் பூச்சியோடு சேருமாம், பிறக்கிறது எதுவும் பிழைக்காதாம், மூன்றே பட்டத்தில் வம்சமே அற்றுப்போகுமாம். ஏக்கருக்கு ஐந்து பெட்டிப் பூச்சி, பத்து இனக்கவர்ச்சிப் பொறி, எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய். பாதி முன்பணம். கொழுந்தனார் கட்டிவிடலாம் என்கிறார். எங்க அத்தை, 'உசுரோட ஒண்ண வெளிய உட்டுப்போட்டா பொறகு ஆரு புடிச்சு அடைக்கறது?' என்று ஒரே பிடியாக நிற்கிறார். பட்டுப்புழுவுக்கு ஏதாவது ஆகுமுங்களா? இன்னொன்று, போன ஐப்பசியில் பேத்திக்கு டெங்கு வந்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கொசுவுக்கும் இதே மாதிரி இருக்குது, அடுத்த வருஷம் கொண்டுவருகிறேன் என்று அந்த ஆள் சொன்னார். நம்பலாமுங்களா?"

அம்மா, முன்பணம் கட்ட வேண்டாம். கொழுந்தனார் ஏற்கெனவே கட்டிவிட்டார் என்றால் ரசீது, வந்தவரின் செல்போன் எண், பெட்டி மேல் ஒட்டியிருக்கும் சீட்டு எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஊரில் இன்னும் நாலு பேர் கட்டுவதற்குள் சொன்னால் நல்லது.

அவர் காட்டிய படம் நிஜமாகவே இருக்கலாம். பெட்டிக்குள் இருப்பது அதுவாக இருக்க வழியில்லை. மரபணு மாற்றிய விதையோ கிருமியோ பூச்சியோ, எதை வெளியில் விடுவதானாலும் நம் நாட்டில் 1989இல் வந்த விதிகள் இருக்கின்றன. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ் உள்ள மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு பார்த்து அனுமதிக்க வேண்டும். காய்ப்புழுவைக் கொல்லும்படி மரபணு மாற்றிய பி.டி. பருத்தி 2002இல் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது. பி.டி. கத்தரிக்கு அந்தக் குழு தலையாட்டிய பிறகும் 2010இல் அமைச்சர் நிறுத்திவைத்தார். பூச்சி என்று எடுத்துக்கொண்டால், திறந்தவெளியில் விட இதுவரை ஒன்றுக்குக்கூட அனுமதி கிடைத்ததில்லை. மகாராஷ்டிரத்தில் ஜால்னா பக்கம் 2017இல் மரபணு மாற்றிய கொசுவை வைத்து ஒரு சோதனை தொடங்கியது. அதுவும் வலைக்கூண்டுக்குள்தான். 2023 ஏப்ரலில் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை மரபணு மாற்றிய பூச்சிகளுக்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் எந்தெந்தப் படியாகப் போக வேண்டும் என்று சொல்கிற ஏடு அது. அதைக் காட்டி யாரும் உங்கள் காட்டில் பெட்டியைத் திறக்க முடியாது.

அப்படியானால் பெட்டியில் என்னதான் இருக்கும்? என் ஊகம், பூச்சி முட்டையை அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்ற பொடிக்குளவியின் முட்டை அட்டை. கரும்புக்கு நம் ஆட்கள் வருஷக்கணக்காகக் கட்டுகிறார்களே, அதேதான். மலிவான சரக்குக்குப் புதுப் பெயர் வைத்திருப்பார்கள். அட்டையாக இருந்தால் கெடுதல் இல்லை, காசுதான் நஷ்டம். நிஜமாகவே உயிருள்ள அந்துப்பூச்சியாக இருந்தால்தான் பயம். ஆண் என்று அவர் சொல்வதை வைத்துக்கொண்டு நீங்கள் படைப்புழுவைக் காசு கொடுத்து வாங்கிக் காட்டில் விட்டதாக ஆகிவிடும். மாதிரிக்கு என்று ஏதாவது கொடுத்துவிட்டுப் போயிருந்தால் திறக்காதீர்கள். அப்படியே கட்டி, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறைக்கோ பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ எடுத்துப் போங்கள்.

அவருடைய பட்டியலிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது, கவனித்தீர்களா? இனக்கவர்ச்சிப் பொறியில் விழுவது ஆண் பூச்சி. பெண்ணின் வாசனையைக் காட்டி ஆணை வரவழைக்கும் பொறி அது. ஐந்து பெட்டி ஆண் பூச்சியை விடச் சொல்லிவிட்டு, அதே காட்டில் ஆணைப் பிடிக்கப் பத்துப் பொறியும் தொங்கவிடச் சொல்கிறார். கோழியை அவிழ்த்துவிட்டுக் கூடவே கீரிப்பிள்ளையையும் அவிழ்த்துவிடுகிற கதை.

சரி, வந்தவர் சரக்கு பொய் என்பதால் சங்கதியே பொய் என்று கொழுந்தனார் நினைத்துவிடக் கூடாது. இதன் வேர் மாட்டுப் புண்ணில் இருக்கிறது. கட்டுத்தரையில் மாட்டுக்குக் காயம் பட்டு, ஈ முட்டையிட்டுப் புழு நெளிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காக் கண்டத்தில் இதே வேலையைச் செய்யும் வேறொரு ஈ இருக்கிறது. உயிருள்ள சதையைத் தின்று மாட்டையே சாய்த்துவிடும். அதை ஆராய்ந்த எட்வர்ட் நிப்ளிங், ரேமண்ட் புஷ்லாண்ட் என்ற இருவர், பெண் ஈ ஆயுளில் ஒரே முறைதான் இணைசேர்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆண் ஈயைக் கூட்டுப்புழுப் பருவத்தில் கதிர்வீச்சில் காட்டி மலடாக்கி வெளியில் விட்டால், அதோடு சேர்ந்த பெண் இடும் முட்டையெல்லாம் கூமுட்டை. 1954இல் குராசோ என்ற சின்னத் தீவில் விட்டுப் பார்த்தார்கள், சில மாதங்களில் ஈ ஒழிந்தது. பிறகு புளோரிடா, டெக்சாஸ், மெக்ஸிகோ என்று தெற்கே தள்ளிக்கொண்டே போய்ப் பனாமா வரைக்கும் விரட்டினார்கள். அதற்காக 1992இல் இருவருக்கும் உலக உணவுப் பரிசு கிடைத்தது. ஆனால் 2023இலிருந்து அந்த ஈ மத்திய அமெரிக்காவில் மறுபடி பரவத் தொடங்கி, 2024 நவம்பரில் மெக்ஸிகோவுக்குள்ளேயே வந்துவிட்டது. அத்தனை பத்தாண்டுகள் தள்ளிவைத்த ஈ அது.

கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள். கொழுந்தனாருக்குக் காட்ட உதவும். ஒரு இடத்தில் நூறு பெண், நூறு ஆண் இருக்கின்றன. நீங்கள் 900 மலட்டு ஆணை விடுகிறீர்கள். பத்துக்கு ஒன்பது ஆண் மலடு, ஆகவே நூறு பெண்ணில் பத்துதான் நல்ல முட்டை இடும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து பெண் பிழைக்கும் என்று வைத்தால் அடுத்த தலைமுறையில் 50. மறுபடி 900 விட்டால் அதில் இரண்டோ மூன்றோதான் விருத்தியாகும், அதற்கடுத்து 13 வரும். இன்னொரு முறை விட்டால் ஒன்றுகூடத் தேறாது. மருந்துக்கு நேர்மாறான குணம் இது. பூச்சி அதிகமாக இருக்கும்போது மருந்துக்கு வேலை அதிகம், பூச்சி குறையக் குறையத்தான் மலட்டு ஆணுக்குப் பலம் ஏறும்.

இந்தக் கணக்கு நிற்பதற்கு ஒரு பெரிய நிபந்தனை உண்டு. வெளியிலிருந்து சினைப்பட்ட பெண் உள்ளே வரக் கூடாது. குராசோ தீவாக இருந்ததால் தப்பியது. உங்கள் ஐந்து ஏக்கர் தீவா? குடிமங்கலத்திலிருந்து பல்லடம் வரைக்கும் கோழித் தீவனத்துக்கென்று மக்காச்சோளக் காடு விரிந்துகிடக்கிறது. படைப்புழுவின் அந்துப்பூச்சி காற்று வாட்டம் கிடைத்தால் ஒரே ராத்திரியில் நூறு கிலோமீட்டர் பறக்கக்கூடியது. 2018இல் கர்நாடகத்தில் முதலில் கண்ணில் பட்டது, அதே வருஷம் நம் காட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டதே. ஒரு பெண் ஆயிரம் முட்டைக்கு மேல் இடும். பக்கத்துக் காட்டில் ஏற்கெனவே இணைசேர்ந்துவிட்ட பெண் உங்கள் குருத்தில் வந்து முட்டையிட்டால், நீங்கள் விட்ட ஆண் பூச்சி அதை என்ன செய்யும்? ஏக்கருக்கு இத்தனை பெட்டி என்று விற்க முடியாத சரக்கு இது. விட்டால் மாவட்டம் முழுக்க விட வேண்டும், வாரா வாரம் விட வேண்டும், அரசாங்கமோ பெரிய விவசாயிகள் சங்கமோ நின்று நடத்த வேண்டும்.

அப்படி நடத்திக் காட்டியதும் உண்டு. பருத்தியில் வரும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவை அமெரிக்கர்கள் தங்கள் நாட்டில் ஒழித்துவிட்டதாக 2018இல் அறிவித்தார்கள். அரிசோனா மாநிலத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் சிறிய விமானத்திலிருந்து கொட்டிய மலட்டு அந்துப்பூச்சி மட்டும் சுமார் 1,100 கோடி. அதோடு பி.டி. பருத்தி, அறுவடை முடிந்ததும் கட்டையை உழுது புதைப்பது, பருத்தி விவசாயிகளே பணம் போட்டு நடத்தியது எல்லாம் சேர்ந்துதான் அது நடந்தது. நம் நாட்டில் அதே புழு பி.டி. பருத்தியையே தின்னப் பழகிக்கொண்டது. விதையை மட்டும் வாங்கி, மற்ற வேலையை விட்டுவிட்டோம்.

மரபணு எங்கே வருகிறது என்றால், கதிர்வீச்சு பட்ட ஆண் கொஞ்சம் சோர்ந்துபோகும். காட்டு ஆணோடு போட்டிபோட்டுப் பெண்ணைப் பிடிக்கச் சிரமப்படும். அதற்குப் பதிலாக, ஆய்வுக்கூடத்திலேயே ஒரு மரபணுவைச் செருகிவிட்டால் என்ன என்று யோசித்தார்கள். அந்த மரபணு பூச்சியின் உடம்புக்குள் ஒரு புரதத்தை அளவுக்கு மீறிச் சேர்த்து, வளரும் பருவத்திலேயே கொன்றுவிடும். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும்போது சாகாமல் இருக்கத் தீவனத்தில் டெட்ராசைக்ளின் கலந்து அந்த மரபணுவை அடக்கிவைக்கிறார்கள். டெட்ராசைக்ளின் நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்கும் தெரிந்த மருந்துதான். வெளியில் போன ஆணுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கு அந்த மருந்து கிடைக்காது, செத்துப்போகும். பண்ணைக் கழிவிலும் சாக்கடையிலும் இந்த மருந்து கலந்திருந்தால் பிள்ளைகள் பிழைத்துவிடாதா என்று கேள்வி எழுப்பியவர்கள் உண்டு. அது நியாயமான கேள்வி. கோழிப்பண்ணை இருக்கும் நம் சீமையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான் என்பேன்.

ஆக்ஸிடெக் என்ற இங்கிலாந்துக் கம்பெனி இந்த வழியில் முன்னே போனது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவைக் கேமன் தீவுகளிலும் பிரேசிலிலும் விட்டார்கள். பிறகு வந்த ரகத்தில் பெண் பிள்ளைகள் மட்டும் சாகும், ஆண் பிள்ளைகள் பிழைத்து இன்னும் சில தலைமுறைக்கு அந்த மரபணுவைக் கொண்டுபோகும், அப்புறம் தானாக மங்கிவிடும். 2021இல் அமெரிக்காவின் புளோரிடாத் தீவுகளில் அதை விட்டார்கள். பிரேசிலில் வீட்டுக்காரர்களே வாங்கும்படி பெட்டியாகவே விற்கிறார்கள். உள்ளே கொசு முட்டை இருக்கும், தண்ணீர் ஊற்றினால் ஆண் கொசு மட்டும் வளர்ந்து பறக்கும். உங்களிடம் வந்தவர் காட்டிய படம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கொசுப் பெட்டியைக் காட்டிப் படைப்புழுவுக்குப் பணம் கேட்டிருக்கிறார். படைப்புழுவிலும் இதே கம்பெனி ஒரு ரகம் உண்டாக்கிப் பிரேசிலில் வயல் சோதனை வரை போயிருக்கிறது. நம் காட்டுக்கு அது வரவில்லை.

இனி உங்கள் அத்தையின் கேள்வி. அந்தப் பெரியம்மாவை நான் கும்பிடுகிறேன். பூச்சியியல் படித்தவர்கள் கூடிப் பேசும்போதும் கடைசியில் வந்து நிற்பது அங்கேதான். ஆனால் அவருக்கே ஒரு பழைய சங்கதியை ஞாபகப்படுத்துங்கள். 2008இல் கோயமுத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. மறு வருஷம் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெள்ளை வெளேரென்று மாவு பூத்து நின்றது. உங்கள் பக்கத்தில்தான், இலை இல்லாமல் புழுவைக் குப்பையில் கொட்டியவர்களையும், மல்பெரியை டிராக்டர் விட்டு உழுதவர்களையும் நேரில் பார்த்தேன். என்ன மருந்தடித்தாலும் அந்த மெழுகு மேலேயே வழிந்து போய்விடும். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைத் தருவித்தார்கள். அதில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒன்று, எள்ளில் பாதிகூட இருக்காது, சில மாதத்தில் மாவுப்பூச்சியைப் படுக்கவைத்துவிட்டது. குப்பியில் அதை முதன்முதலாகப் பார்த்தபோது, இதா நம் சீமையைக் காப்பாற்றப்போகிறது என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். மரவள்ளி மாவுப்பூச்சிக்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வேறொரு குளவியைக் கொண்டுவந்து 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டதும் இதே வழிதான்.

ஆக, உசுரோடு ஒன்றை வெளியில் விட்டுப் பிழைத்தவர்கள்தான் நாம். அந்தக் குளவியை யாரும் திரும்பிப் பிடித்து அடைக்கவில்லை, அடைக்கவும் முடியாது. விடுவதற்கு முன்னால் தனி அறையில் அடைத்துவைத்து, பட்டுப்புழு போன்ற நல்ல பூச்சிகளைத் தொடுகிறதா என்று பார்த்த பிறகுதான் விட்டார்கள். குளவி வந்த இடத்தில் குடும்பம் நடத்தும், அடுத்த வருஷம் நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. மலட்டு ஆணோ குடும்பத்தைக் கெடுக்க வந்தது. விடுவதை நிறுத்தினால் அதுவும் நின்றுபோகும். அத்தையின் பயத்துக்கு அது நல்ல சேதி, உங்கள் பணப்பைக்குக் கெட்ட சேதி. விற்கிறவருக்கு இதில்தான் ஆசை, வருஷா வருஷம் வாங்கியாக வேண்டுமே.

அத்தையின் கேள்வி நிஜமாகவே கனத்து நிற்கிற இடம் வேறொன்று. செருகிய மரபணு தானாகவே எல்லாப் பிள்ளைகளுக்கும் இறங்கி, தலைமுறைக்குத் தலைமுறை கூடிக்கொண்டே போகும்படி செய்கிற முறை ஒன்று இருக்கிறது. 2018இல் லண்டனில் மலேரியாக் கொசுவை வைத்துக் கூண்டுக்குள் செய்து பார்த்தபோது, பதினோரு தலைமுறைக்குள் கூண்டே காலியாகிவிட்டது. அந்த வகையை எங்கும் திறந்தவெளியில் இன்னும் விடவில்லை. விடலாமா என்று கேட்டால், எனக்குத் துணிச்சல் வரவில்லை. தானாக மங்கிவிடும் ரகத்தில்கூட, பிரேசிலில் ஜகோபினா என்ற ஊரில் விட்ட கொசுவின் பரம்பரைக்கூறு கொஞ்சம் ஊர்க் கொசுவிலும் கலந்திருப்பதாக 2019இல் ஒரு ஆய்வு சொன்னது. அதற்கு எவ்வளவு அர்த்தம் கொடுப்பது என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே சண்டை நடந்தது.

பட்டுப்புழுவுக்கு வருகிறேன். படைப்புழுவின் ஆண் பூச்சி பட்டு அந்துப்பூச்சியோடு சேராது, இரண்டும் வேறு வேறு இனம். அந்த வகையில் உங்கள் மனைக்கு ஆபத்து இல்லை. உங்களுக்கு ஆபத்து, மக்காச்சோளத்துக்கு நீங்களும் பக்கத்துக் காட்டுக்காரரும் அடிக்கிற மருந்தில் இருக்கிறது. குளோரான்ட்ரானிலிப்ரோல், எமாமெக்டின் இரண்டும் பட்டுப்புழுவுக்கு எமன். காற்றில் துளி வந்து மல்பெரி இலையில் படிந்தாலே போதும். குளோரான்ட்ரானிலிப்ரோல் இலையில் நாள்கணக்கில் தங்கும். 'இயற்கை மருந்து, கெடுதல் இல்லை' என்று கடையில் கொடுப்பதையும் நம்பிவிடாதீர்கள். பி.டி. பாக்டீரியாக் கரைசல் புழு இனத்தையே கொல்லும். அந்தக் கிருமியை உலகம் முதலில் கண்டதே 1901இல் ஜப்பானில், செத்துக்கிடந்த பட்டுப்புழுவில்தான். பிவேரியா, மெட்டாரைசியம் பூஞ்சணங்களும் அப்படியே. புழு சுண்ணாம்புக் கட்டிபோல வெளுத்து விறைத்துப் போவதைப் பார்த்திருப்பீர்களே, அது பிவேரியாவின் வேலை. உங்களைப் போல மல்பெரிக்குப் பக்கத்திலேயே மக்காச்சோளம் வைத்திருப்பவர்களுக்கு மருந்துக்கடைப் பரிந்துரை பாதிக்கு மேல் உதவாது.

பிறகு என்ன செய்வது? கோடையில் ஆழ உழுது, மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவை வெயிலுக்கும் கொக்குக்கும் காட்டுங்கள். கடைசி உழவில் ஏக்கருக்கு நூறு கிலோ வேப்பம்புண்ணாக்கு. வரப்போரம் தட்டைப்பயறோ எள்ளோ சூரியகாந்தியோ ஊன்றினால் நன்மை செய்யும் பூச்சி அங்கே தங்கும். பொறி ஏக்கருக்கு ஐந்து போதும். அதுவும் பூச்சி வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான். பயிர் முளைத்த முதல் இருபது நாள்தான் உயிர்நாடி. காலையில் காட்டைச் சுற்றி வந்து, இலையில் பஞ்சு ஒட்டியது மாதிரி இருக்கும் முட்டைக் குவியலைக் கையாலேயே நசுக்கிப் போடுங்கள். ஒரு குவியலில் நூறு, இருநூறு முட்டை இருக்கும். குருத்தில் புதுசாக எச்சம் தெரிந்தால் ஒன்பது பங்கு மணலும் ஒரு பங்கு சுண்ணாம்புமாகக் கலந்து ஒரு சிட்டிகை போடலாம். ஐந்து ஏக்கருக்கு ஆள் கூலி கட்டாதே என்பீர்கள். மல்பெரியை ஒட்டிய ஒரு ஏக்கருக்காவது இந்த வழியைச் செய்யுங்கள். தள்ளியிருக்கும் காட்டில் மருந்து அடித்தே தீர வேண்டும் என்றால், காற்று மல்பெரிப் பக்கம் வீசாத நேரம் பார்த்து அடியுங்கள். அடித்த ஆள் அதே உடுப்போடு புழு மனைக்குள் நுழையக் கூடாது.

ஏதாவது பூச்சியை விட்டே ஆக வேண்டும் என்று கொழுந்தனார் அடம்பிடித்தால் அதற்கும் வழி இருக்கிறது. படைப்புழு முட்டைக்கு டெலிநாமஸ் ரீமஸ் என்ற குளவி இருக்கிறது. அடுக்கடுக்காக இருக்கும் முட்டைக் குவியலுக்குள் டிரைக்கோகிரம்மாவை விட நன்றாக நுழையும். கிடைக்கிறதா என்று பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் டிரைக்கோகிரம்மா அட்டையே கட்டலாம். அட்டை கட்டிய காட்டில் ஒரு வாரத்துக்கு மருந்து அடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பேத்தி இப்போது தேறிவிட்டாளா? அதை எழுதவில்லையே நீங்கள்.

கொசு விஷயத்தில் எனக்கு நம்பிக்கை கொஞ்சம் அதிகம். காரணம், ஏடிஸ் கொசு படைப்புழு மாதிரி ஊர் தாண்டிப் பறப்பதில்லை. பிறந்த வீட்டைச் சுற்றியே நூறு, இருநூறு மீட்டருக்குள் வாழ்ந்து முடித்துவிடும். ஒரு நகரத்தையோ ஒரு பேட்டையையோ எடுத்துக்கொண்டு செய்தாலும் பலன் தெரியும். ஆண் கொசு கடிக்காது என்பதால் ஆணை மட்டும் விட்டால் யாருக்கும் தொந்தரவும் இல்லை. மரபணுவையே தொடாத இன்னொரு வழியும் இருக்கிறது. வோல்பாக்கியா என்று ஒரு பாக்டீரியா, பல பூச்சிகளுக்குள் இயற்கையாகவே வாழ்வது. அதை ஏடிஸ் கொசுவுக்குள் ஏற்றிவிட்டால் அதன் உடம்பில் டெங்குக் கிருமி சரியாகப் பெருகாது. தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்கிக்கொண்டே போகும். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரத்தில் பாதிப் பகுதிகளில் இந்தக் கொசுவை விட்டு, மீதியில் விடாமல் ஒப்பிட்டுப் பார்த்தபோது டெங்கு 77 சதவீதம் குறைந்திருந்தது, ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 86 சதவீதம் குறைந்திருந்தார்கள். 2021இல் வெளியான முடிவு இது. நமக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரியில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் இப்படிப்பட்ட கொசுவை வளர்த்துத் தயாராக வைத்திருப்பதாக 2022இல் அறிவித்தது. ஆனால் இந்த முறையில் பெண் கொசுவையும் விட வேண்டும், அது கடிக்கும். கடிக்கிற கொசுவை என் வீட்டு வாசலில் விடு என்று ஊர் சொல்ல வேண்டும்.

அங்கேதான் ஒரு முறை நாம் சறுக்கினோம். 1970களின் தொடக்கத்தில் டெல்லியில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து, மலட்டு ஆண் கொசு விடும் ஆராய்ச்சி நடத்தின. அமெரிக்கப் பணத்தில் நடந்தது. சோனிபட்டில் பெரிய அளவில் விடத் தயாராகிக்கொண்டிருந்தபோது, இது கிருமி யுத்தத்துக்கான ஒத்திகை என்று பத்திரிகைகளில் எழுதினார்கள், நாடாளுமன்றக் குழு வரைக்கும் போயிற்று, 1975இல் மூடிவிட்டார்கள். கொசுவில் குற்றம் இருந்ததோ இல்லையோ, யாருக்காக, யார் பணத்தில், எதை விடுகிறோம் என்று அந்த ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி முன்னாலேயே சொல்லியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். உங்களிடம் வந்தவர் அடுத்த வருஷம் கொசு கொண்டுவருவேன் என்கிறாரே, கொண்டுவரட்டும். கிராம சபையில் வந்து நின்று பேசச் சொல்லுங்கள்.

அதுவரைக்கும் உங்கள் வீட்டுக் கொசு உங்கள் வீட்டில்தான் பிறக்கிறது. வாரம் ஒரு முறை குழாயில் தண்ணீர் வருகிற ஊரில் டிரம்மும் தொட்டியும் இல்லாமல் முடியாது, சரி. தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டை உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். தேங்காய் நாரைப் போட்டு உட்பக்கம் அழுத்தித் தேய்த்துவிட்டுத்தான் நிரப்ப வேண்டும், வாரம் ஒரு முறை. உங்கள் வீட்டில் யாரும் பார்க்காத ஒரு இடம் உண்டு என்று நினைக்கிறேன். புழு வளர்ப்பு மனையில் தாங்கியின் கால்களுக்கு அடியில் எறும்பு ஏறாமல் இருக்கத் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருக்கிறீர்களா? அதில் குனிந்து பாருங்கள். கூத்தாடிப் புழு நெளிந்தால் பேத்தியைக் கடித்தது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. அதில் மருந்து ஊற்றிவிடாதீர்கள், பட்டுப்புழு செத்துப்போகும். நாலு நாளுக்கு ஒரு முறை கொட்டித் துடைத்துத் தண்ணீர் மாற்றினால் போதும். ஊராட்சியிலிருந்து கொசுவுக்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்றால் முதல் நாளே சொல்லச் சொல்லுங்கள். அன்றைக்குப் புழு மனையின் கதவு, சன்னல், வலை எல்லாம் மூடியிருக்க வேண்டும், மல்பெரித் தோட்டத்துப் பக்கம் புகை போகக் கூடாது.

மக்காச்சோளம் ஊன்றி எத்தனை நாள் என்று நீங்கள் எழுதவில்லை. இருபது நாளுக்குள் என்றால் நாளைக் காலையிலேயே முட்டைக் குவியலைத் தேடத் தொடங்கிவிடுங்கள். பூங்கதிர் வெளியே வந்துவிட்டது என்றால் இந்தப் பட்டத்துக்கு இனி குருத்தில் மருந்து ஊற்றிப் பயனில்லை, மல்பெரியைக் காப்பாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்தப் பருவத்தில் இருக்கிறது, மல்பெரிக்கு எந்தப் பக்கம் காற்று வீசுகிறது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அத்தைக்கு என் வணக்கம்.